சேமித்தவர்களின் கணக்கு

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவிலுள்ள கறுப்பின மக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. "அடிமைத்தனம் ஒழிந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டதே! இன்னும் ஏன் அவர்களில் இத்தனை பேர் ஏழைகளாக இருக்கிறார்கள்? உழைத்து, சிக்கனமாகச் சேமித்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் ஒரு கடை கண்ணி வைத்து முன்னுக்கு வரவேண்டியதுதானே! யார் தடுத்தார்கள்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதாக நான் சொல்லமாட்டேன். விஷயம் தெரியாமல் கேட்பவர்களும் உண்டு.

இந்த உபதேசம் உங்களுக்குப் புதிதல்ல. கூலி போதவில்லை என்று சொல்லப்போனால், "செலவைக் குறை, சேமித்து வை" என்று பதில் வருவதைக் கேட்டவர்கள்தான் நீங்கள். ஆகையால் இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்வோம்.

அவர்கள் சேமித்தார்களா? சேமித்தார்கள். நிலம் வாங்கினார்களா? வாங்கினார்கள். கடை வைத்தார்களா? வைத்தார்கள். பாங்கியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும்கூட நடத்தினார்கள். அந்தச் சேமிப்பெல்லாம் எங்கே போயிற்று? அந்தக் கணக்கைத்தான் இன்று இனம் இனமாகப் பார்க்கப்போகிறோம்.

நஷ்டஈடு யாருக்கு?

முதலில் கூலிக் கணக்கு. 1619-ம் ஆண்டில் வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்க மனிதர்களைக் கப்பலில் கொண்டுவந்து விற்றார்கள். 1865-ம் ஆண்டின் இறுதியில்தான் அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்தது. இடையில் 246 வருஷங்கள். பாட்டன் உழைத்தான், தகப்பன் உழைத்தான், மகன் உழைத்தான். ஒருவருக்கும் கூலி கிடையாது. பெற்ற பிள்ளைகூட எஜமானனின் சொத்து. 1860-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இப்படி இருந்தவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். அவர்கள் எடுத்த பருத்திதான் இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகளின் கதிர்களைச் சுழல வைத்தது.

1862 ஏப்ரலில், தலைநகரமான வாஷிங்டனில் அடிமைகளை விடுதலை செய்து ஒரு சட்டம் வந்தது. நஷ்டஈடும் கொடுத்தார்கள். யாருக்கு? எஜமானர்களுக்கு! ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை சர்க்கார் கஜானாவிலிருந்து போயிற்று. விடுதலையானவனுக்கு என்ன? நாட்டைவிட்டே போய்விடச் சம்மதித்தால் 100 டாலர் வரை தருவதாகச் சொன்னார்கள்.

40 ஏக்கர்

அடுத்தது நிலக் கணக்கு. உள்நாட்டு யுத்தம் முடியும் தறுவாயில், 1865 ஜனவரி 12-ந் தேதி, ஜார்ஜியா ராஜ்யத்தின் சவானா நகரில் ஒரு கூட்டம் நடந்தது. தளபதி ஷெர்மனும் யுத்த மந்திரியும் கறுப்பினப் பாதிரிமார்கள் 20 பேரை அழைத்து, "உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். 20 பேர் சார்பில் பேசியவர் காரிசன் பிரேசியர், 67 வயதுப் பெரியவர். தன்னையும் தன் மனைவியையும் எஜமானனிடமிருந்து 1,000 டாலர் கொடுத்து விலைக்கு வாங்கி விடுதலை பெற்றவர். சேமிப்பைப் பற்றி அவருக்கா பாடம் சொல்ல வேண்டும்! அவர் தர்மம் கேட்கவில்லை. நிலம் வேண்டும், எங்கள் உழைப்பால் நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம், பிறகு விலைக்கே வாங்கிக்கொள்வோம் என்றார்.

நாலாவது நாள் உத்தரவு பிறந்தது. கடற்கரையோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுத்தார்கள். சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 40 ஆயிரம் பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறி உழவு தொடங்கிவிட்டார்கள். ஏப்ரலில் ஜனாதிபதி லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருஷமே நிலங்களைப் பழைய எஜமானர்களுக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். உழுதவர்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டார்கள்.

நிலமில்லாதவன் என்ன செய்வான்? பழைய எஜமானனின் பண்ணையிலேயே வாரத்துக்குப் பயிரிட்டான். விதையும், கலப்பையும், உண்ண மாவும் பண்ணைக் கடையில் கடன். விலை அவர்கள் வைத்தது, வட்டி அவர்கள் போட்டது, கணக்குப் புத்தகமும் அவர்கள் கையில். வெள்ளாமை முடிந்து பஞ்சு எடை போட்டதும், பங்கும் கடனும் சரியாகப் போயிற்று என்பார்கள். அல்லது பாக்கி நிற்கிறது என்பார்கள். பாக்கி நின்றால் அடுத்த வருஷமும் அதே பண்ணைதான். வாரத்துக்குப் பயிரிட்ட தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கணக்குக் காட்டு என்று கேட்டால்? 1919 செப்டம்பரில், அர்க்கன்சாஸ் ராஜ்யத்தில் எலைன் என்ற ஊரையடுத்து, கறுப்பின வாரக் குடியானவர்கள் சங்கம் வைத்துக் கேட்டார்கள். பஞ்சுக்கு நியாய விலையும் ஒழுங்கான கணக்கும் பெற வக்கீலை அமர்த்த முடிவு செய்தார்கள். மாதக் கடைசி நாள் இரவு அவர்கள் கூடியிருந்த மாதாகோவில் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் முதல் ஆயுதம் தாங்கிய கும்பல்கள் திரண்டன, ராணுவமும் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் கொல்லப்பட்டதாகச் சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பல நூறு என்பவர்களும் உண்டு. வழக்கு யார்மேல்? சங்கம் வைத்தவர்கள்மேல்! 12 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். வழக்கை விடாமல் நடத்தி, 1923-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார்கள். அந்த 12 உயிரும் தப்பின.

பாங்கியில் போட்ட பணம்

சரி, நிலம் போயிற்று. சேமிப்பு?

1865 மார்ச்சில் விடுதலையானவர்களுக்கென்று ஒரு சேமிப்பு பாங்கி ஆரம்பித்தார்கள். சட்டத்தில் கையெழுத்திட்டவர் லிங்கன். ஆகவே இது சர்க்கார் பாங்கி, போட்ட பணத்துக்குப் பயமில்லை என்று ஜனங்கள் நம்பினார்கள். பட்டாளத்தில் இருந்தவர்கள் சம்பளத்தைப் போட்டார்கள். துணி வெளுத்துப் பிழைத்த பெண்கள் சில்லறைக் காசைப் போட்டார்கள். உண்மையில் சர்க்கார் எந்த ஜாமீனும் கொடுத்திருக்கவில்லை. நிர்வாகம் வெள்ளைக்காரப் பிரமுகர்கள் கையில் இருந்தது.

முதலில் பணத்தைச் சர்க்கார் பத்திரங்களில்தான் பெரும்பாலும் போடலாம் என்று விதி இருந்தது. 1870-ல் விதியைத் தளர்த்தினார்கள். வெளுப்புக்காரியின் காசு ரயில்வே சூதாட்டத்துக்கும் மனை வியாபாரத்துக்கும் கடனாகப் போயிற்று. 1873-ல் பொருளாதார நெருக்கடி வந்தது. கடன் வாங்கிய பெரிய இடங்கள் கவிழ்ந்தன. பாங்கி ஆட்டங்கண்ட பிறகு, 1874 மார்ச்சில், கறுப்பின மக்களின் பெருந்தலைவரான பிரெடரிக் டக்ளஸைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளே இருந்த ஓட்டை அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் சொந்தப் பணம் 10 ஆயிரம் டாலரையும் கொடுத்துப் பார்த்தார். ஜூன் மாதம் பாங்கி மூடப்பட்டது. அப்போது கணக்கு வைத்திருந்தவர்கள் 61,144 பேர். அவர்களுக்கு வரவேண்டியது ஏறக்குறைய 30 லட்சம் டாலர். ஆண்டுக் கணக்கில் காத்திருந்து, சுமார் பாதிப்பேர் தங்கள் பணத்தில் 5-ல் 3 பங்கு அளவு பெற்றார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகும் அந்த ஜனங்கள் சேமிப்பைக் கைவிடவில்லை. 1903-ல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் மேகி வாக்கர் என்ற பெண்மணி ஒரு பாங்கியைத் தொடங்கினார். அவருடைய தாய் அடிமையாக இருந்தவர், பிறகு துணி வெளுத்தவர். அந்தப் பாங்கியின் பெயரிலேயே "பென்னி" என்ற சல்லிக் காசு இருந்தது. 1905-ல் அவருடைய சங்கம் ஒரு பெரிய ஜவுளி, சாமான் கடையும் திறந்தது. வெள்ளை வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து, இந்தக் கடைக்குச் சரக்குப் போடக்கூடாதென்று மொத்த வியாபாரிகளை நிர்ப்பந்தித்தார்கள். 1911-ல் கடையை மூடவேண்டியதாயிற்று. பாங்கி மட்டும் தாக்குப்பிடித்து நின்றது.

மெம்பிஸில் ஒரு மளிகைக் கடை

ரிச்மண்டில் சரக்கை நிறுத்தினார்கள். டென்னசி ராஜ்யத்தின் மெம்பிஸ் நகரில் உயிரையே எடுத்தார்கள். அங்கே தாமஸ் மாஸ் என்ற தபால்காரரும் அவருடைய நண்பர்களும் 1889-ல் பங்கு சேர்த்து ஒரு மளிகைக் கடை ஆரம்பித்தார்கள். "மக்கள் மளிகை" என்று பெயர். எதிரில் ஒரு வெள்ளைக்காரர் கடை. அதுவரை அந்தப் பேட்டையில் அவர் வைத்ததுதான் விலை. புதுக் கடை வந்ததும் வியாபாரம் இங்கே திரும்பியது. 1892 மார்ச்சில் சிறுவர்களின் கோலிச் சண்டை ஒன்றைச் சாக்காக வைத்துத் தகராறு மூண்டது. இரவில் ஆயுதத்தோடு ஆட்கள் கடைக்கு வந்தார்கள். கடைக்காரர்கள் தற்காப்புக்குச் சுட்டார்கள். மாஸும் அவரோடு இன்னும் இருவரும் சிறையில் அடைக்கப்பட்டனர். மார்ச் 9-ந் தேதி விடியுமுன் ஒரு கும்பல் மூவரையும் சிறையிலிருந்தே இழுத்துப்போய் ரயில் பாதையருகில் சுட்டுக் கொன்றது. கடை சூறையாடப்பட்டது.

மாஸின் சிநேகிதி ஐடா வெல்ஸ் அந்த ஊரில் பத்திரிகை நடத்தியவர். குற்றம் செய்தவனைத்தான் கும்பல் கொல்கிறது என்று அதுவரை சொல்லிவந்தார்கள். இந்த மூவரும் செய்த குற்றம் நன்றாக வியாபாரம் செய்ததுதான் என்று அவர் எழுதினார். இந்த ஊரை விட்டுப் போய்விடுவோம் என்றார். ஆயிரக்கணக்கானோர் போனார்கள். இருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏறமாட்டோம் என்று நிறுத்தினார்கள். டிராம் கம்பெனி அதிகாரிகளே பத்திரிகை ஆபீஸ் தேடி வந்தார்கள். அந்த மே மாதத்தில் ஐடா வெல்ஸின் பத்திரிகை ஆபீஸும் அடித்து நொறுக்கப்பட்டது.

மெம்பிஸை விட்டுப் போனவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் மேற்கே ஒக்லஹோமா. அங்கே என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம்.

எரிந்த கிரீன்வுட்

ஒக்லஹோமாவில் டல்சா என்ற எண்ணெய் நகரம். நிற வேற்றுமைச் சட்டத்தால் கறுப்பின மக்கள் ரயில் பாதைக்கு அந்தப்புறம்தான் வாழவேண்டும். அந்தப் பகுதிக்குக் கிரீன்வுட் என்று பெயர். வெள்ளைக் கடைகளில் மரியாதை இல்லை. ஆகவே வீட்டு வேலை செய்தும் மூட்டை தூக்கியும் சம்பாதித்த கூலியைக் கிரீன்வுட் கடைகளிலேயே செலவழித்தார்கள். ஓட்டல், சினிமாக் கொட்டகை, பத்திரிகை, வைத்தியர், வக்கீல் எல்லாம் அங்கே உண்டாயின.

1921 மே 31-ந் தேதி, ஒரு கறுப்பின இளைஞன்மேல் சாட்டிய குற்றம் காரணமாகக் கும்பல் கூடியது. அந்தக் குற்றச்சாட்டே பின்னால் கைவிடப்பட்டது. ஆனால் ஜூன் 1-ந் தேதி முடிவதற்குள் 35 வட்டாரங்கள் சாம்பலாயின. 1,200-க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. செத்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அரசாங்கம் எரிந்த வீட்டுக்காரர்களையே ஆயிரக்கணக்கில் பிடித்து அடைத்து வைத்தது.

இங்கே ஒரு சங்கதியைக் கவனியுங்கள். இந்தக் கொலைபாதகத்துக்கு "கலவரம்" என்று பெயர் வைத்தார்கள். இன்ஷூரன்ஸ் பத்திரங்களிலோ, கலவரத்தால் வரும் நஷ்டத்துக்கு ஈடு இல்லை என்று ஒரு ஷரத்து. ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவனுக்கும் கம்பெனி கையை விரித்துவிட்டது. நகரசபையும் ஈடு கொடுக்கவில்லை. அதோடு நிற்காமல், தீப்பிடிக்காத சாமான்களால்தான் கட்டவேண்டும் என்று புது விதி போட்டு, அந்த மனைகளையே பறிக்கப் பார்த்தது. பி. சி. பிராங்கிளின் என்ற கறுப்பின வக்கீல் கூடாரத்தில் உட்கார்ந்து வழக்காடி அந்த விதியை உடைத்தார். ஜனங்கள் கூடாரத்தில் குளிர்காலத்தைக் கழித்து, மறுபடியும் செங்கல் அடுக்கினார்கள்.

ராஜ்ய சர்க்கார் அமைத்த விசாரணைக் கமிஷன் அறிக்கை வந்தது 2001-ல், 80 வருஷம் கழித்து. உயிரோடிருந்த 100 வயது தாண்டிய இரண்டு மூதாட்டிகள் நடத்திய நஷ்டஈட்டு வழக்கை ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தள்ளுபடி செய்துவிட்டது.

சிவப்பு மை

தீவைப்பு பார்த்தவுடன் தெரிகிற அநியாயம். இனி சொல்லப்போவது ஆபீஸில் உட்கார்ந்து பேனாவால் செய்தது. இதுதான் அதிகப் பேரை அழுத்தியது.

சிறு வியாபாரி முதலுக்கு எங்கே போகிறான்? பெரும்பாலும் தன் வீட்டைத்தான் அடமானம் வைக்கிறான். வீடு உள்ளவனுக்குக் கடன் உண்டு. கடன் கிடைத்தவனுக்குக் கடை உண்டு. 1930-களில் அமெரிக்க சர்க்கார் வீட்டுக் கடனுக்குப் பெரிய ஏற்பாடு செய்தது. சர்க்கார் ஜாமீன் நிற்க, குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் வீடு. ஆனால் நகரங்களின் வரைபடத்தை எடுத்து வர்ணம் தீட்டினார்கள். நல்ல பகுதிக்குப் பச்சை. ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வசிக்கும் பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு! எவ்வளவு ஒழுங்காகத் தவணை கட்டக்கூடியவனாக இருந்தாலும் அந்தப் பகுதியில் கடன் கிடைப்பது அரிது. வெளியே போய் வாங்கலாமென்றால், கறுப்பர்களுக்கு விற்கக்கூடாதென்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

உலக யுத்தத்தில் போராடித் திரும்பிய சிப்பாய்களுக்கு 1944-ல் ஒரு சட்டம் வந்தது. வீடு வாங்க, தொழில் தொடங்க, பண்ணை வைக்கக் கடனுக்குச் சர்க்கார் உத்தரவாதம். கடனைக் கொடுப்பதோ உள்ளூர் பாங்கிகள். மிஸிஸிப்பி ராஜ்யத்தில் அப்போது ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவர். 1947-ல் அங்கே இந்த வகையில் கொடுத்த கடன்கள் 3,229. கறுப்பினச் சிப்பாய்களுக்குக் கிடைத்தவை எத்தனை? இரண்டே இரண்டு! குண்டடி படும்போது இல்லாத வேற்றுமை பாங்கி வாசலில் வந்துவிட்டது.

வீட்டுக் கடனில் நிற வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1968-ல்தான் வந்தது. அதற்குள் வேறு வேலையும் நடந்துகொண்டிருந்தது. 1956-ம் ஆண்டுச் சட்டப்படி நாடெங்கும் பெருஞ்சாலைகள் போட்டார்கள். சாலை எந்த வழியாகப் போகும்? மலிவான மனை உள்ள வழியாக. மனை ஏன் மலிவு? சிவப்பு மை பூசியதால்! எரிந்து மறுபடி எழுந்த கிரீன்வுட்டின் நடுவிலேயே சாலை போயிற்று. வட கரோலினாவில் டர்ஹாம் நகரின் ஹேட்டை என்ற கறுப்பின வியாபாரப் பேட்டையும் அப்படியே அழிந்தது.

விதைப்புக்குப் பின் வந்த கடன்

இவ்வளவுக்கும் இடையில் கறுப்பின விவசாயிகள் சிறுகச் சிறுக நிலம் வாங்கினார்கள். 1910 வாக்கில் அவர்களுக்குச் சொந்தமாக ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஏக்கர் இருந்தது. 1920-ல் சொந்த நிலத்திலும் வாரத்திலுமாகப் பயிர் செய்த கறுப்பினக் குடியானவர்கள் 9 லட்சத்துக்கு மேல்; நாட்டின் விவசாயிகளில் 100-க்கு 14 பேர். 2017-ம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் 50 ஆயிரம் பேர்கூட இல்லை. 100-க்கு 2 பேருக்கும் குறைவு.

பலர் பட்டணத்து வேலை தேடிப் போனது உண்மை. டிராக்டர் வந்து ஆட்களைத் தள்ளியதும் உண்மை. ஆனால் நிலம் பறிபோனதற்கு இரண்டு தனி வழிகள் இருந்தன. ஒன்று, பங்காளி வழக்கு. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் நிலம் பிள்ளைகள், பேரன்கள் எல்லோருக்கும் பொது. எங்கோ தூரத்திலிருக்கும் ஒரு பேரனிடம் ஒரு வியாபாரி அற்ப விலைக்குப் பங்கை வாங்குவான். உடனே கோர்ட்டுக்குப் போய், பிரிக்க முடியாது, முழுவதையும் ஏலம் விடு என்பான். உழுதுகொண்டிருக்கிற குடும்பத்திடம் ஏலத்தில் கேட்கப் பணமேது? இதைக் கட்டுப்படுத்த 2010-ல் ஒரு மாதிரிச் சட்டம் தயாராயிற்று. பல ராஜ்யங்கள் அதை ஏற்றிருக்கின்றன.

இரண்டாவது வழி, சர்க்கார் பயிர்க் கடன். கடன் விஷயத்தில் செல்வாக்கு உள்ளூர்க் கமிட்டிகளிடம். கமிட்டியில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளை நிலக்காரர்கள். கறுப்பின விவசாயியின் மனு தூங்கும். கடன் வந்து சேரும்போது விதைப்புப் பருவம் போயிருக்கும். பயிர் இல்லை, கடன் உண்டு, பிறகு ஜப்தி. புகார் விசாரிக்கும் பிரிவையே 1983-ல் கலைத்துவிட்டார்கள். விவசாயிகள் ஒன்றாகச் சேர்ந்து வழக்குத் தொடுத்து 1999-ல் சமரசம் கண்டார்கள். 15 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் தலைக்கு 50 ஆயிரம் டாலர் கிடைத்தது. போன நிலம் திரும்பவில்லை.

இன்றைய நிலைமை

அமெரிக்க மத்திய பாங்கியின் 2022-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். எல்லாக் குடும்பங்களையும் சொத்து வரிசையில் நிறுத்தி, நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்க்கிறார்கள். வெள்ளையர் வரிசையில் நடுக் குடும்பத்தின் சொத்து 2 லட்சத்து 85 ஆயிரம் டாலர். கறுப்பினத்தவர் வரிசையில் 44,900 டாலர். ஆறில் ஒரு பங்குகூட இல்லை! ஜனத்தொகையில் கறுப்பினத்தவர் 100-க்கு 13, 14 பேர். ஆனால் ஆள் வைத்து நடத்தும் தொழில்களில் அவர்களுக்குச் சொந்தமானவை 100-க்கு 3 அளவே. 2020-ல் கொள்ளைநோய் வந்தபோது, பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், தொழில் நடத்திக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் தொகை 100-க்கு 41 குறைந்தது. வெள்ளையரில் குறைந்தது 17. கைமுதல் இல்லாதவன் ஒரு மாதம் கதவடைத்தால் திறக்க முடியாது.

இன்னொரு செய்தி. அட்லாண்டா நகரில் ஒரு நிதி நிறுவனம், தொழில் நடத்தும் கறுப்பினப் பெண்களுக்கு 20 ஆயிரம் டாலர் உதவித் தொகை கொடுத்துவந்தது. இது வெள்ளையருக்குச் செய்யும் வேற்றுமை என்று வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் மேல் கோர்ட்டு அதை நிறுத்தியது. செப்டம்பரில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. எந்தச் சட்டத்தைக் காட்டினார்கள் தெரியுமா? அடிமைத் தளையிலிருந்து வந்தவர்களுக்கு ஒப்பந்தம் செய்யும் உரிமை கொடுப்பதற்காக 1866-ல் போட்ட சட்டத்தை!

அப்படியானால் கடை வேண்டாமா?

தோழர்களே, இதைக் கேட்டு, "கடையால் பயனில்லை, சேமிப்பால் பயனில்லை" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அந்த மக்களுக்குள்ளேயே இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்திருக்கிறது. புக்கர் வாஷிங்டன் என்ற தலைவர், முதலில் தொழிலும் சொத்தும் சேர்ப்போம், உரிமை பின்னால் வரும் என்றார். 1900-ல் வியாபாரிகள் சங்கமும் கூட்டினார். ஓட்டுரிமை இல்லாதவன் சொத்தை எப்படிக் காப்பான் என்று டூ போய்ஸ் என்ற அறிஞர் கேட்டார். மெம்பிஸும் டல்சாவும் டூ போய்ஸின் கேள்வி நியாயமானது என்று காட்டின. ஆனால் உரிமைப் போராட்டத்துக்குச் சொத்தும் உதவியது என்பதை மறக்கக்கூடாது.

1960-ல் டென்னசியின் பேயட் ஜில்லாவில், ஓட்டர் பட்டியலில் பெயர் பதிந்த கறுப்பினக் குடியானவர்களைப் பண்ணைகளிலிருந்து வெளியேற்றினார்கள். கடைகளில் மளிகை கொடுக்க மறுத்தார்கள், பெட்ரோல் போட மறுத்தார்கள். அவர்கள் எங்கே போனார்கள்? ஷெப்பர்ட் டவுல்ஸ் என்ற கறுப்பின நிலக்காரர் தன் நிலத்தில் கூடாரம் அடிக்க இடம் கொடுத்தார். எவனுடைய தயவும் தேவைப்படாத அந்த நாலு காணி நிலம்தான் அன்று அவர்களைத் தாங்கியது.

மிஸிஸிப்பியில் பேனி லூ ஹேமர் என்ற பெண்மணி. ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனவர். அவருடைய பெற்றோர் ஒரு சமயம் அரும்பாடுபட்டுச் சேமித்து மாடும் கோவேறு கழுதையும் வாங்கினார்கள். யாரோ தீவனத்தில் விஷம் வைத்துவிட்டார்கள். இதை அவரே சொல்லியிருக்கிறார். 1962-ல் ஓட்டுரிமை கேட்டதற்காக 18 வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். 1969-ல் அவர் 40 ஏக்கரில் ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றிக்குட்டி கொடுப்பார்கள். அது ஈன்றதும் சில குட்டிகளைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த குடும்பத்துக்குப் போகும். வெள்ளமும் வறட்சியும் கடனும் தாக்கி 1970-களின் நடுவில் அந்தப் பண்ணை நொடித்தது. ஆனால் பண்ணையாரின் கடைக்குப் போகாமலும் அடுப்பு எரியும் என்று அது காட்டியது. 1967-ல் உண்டான தென் ராஜ்யங்களின் கூட்டுறவுச் சங்கச் சம்மேளனம் நிலத்தைக் காக்கும் வேலையை இன்றும் செய்துவருகிறது.

மறுபடியும் மெம்பிஸுக்கு வருவோம். 1968 பிப்ரவரியில் நகரசபைக் குப்பை லாரியின் இயந்திரத்தில் சிக்கி இரண்டு கறுப்பினத் தொழிலாளிகள் நசுங்கிச் செத்தார்கள். 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "நான் மனிதன்" என்ற அட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஏப்ரல் 3-ந் தேதி மார்ட்டின் லூதர் கிங் அவர்களிடையே பேசினார். அந்தப் பேச்சில், வேலைக்கு எடுப்பதில் நியாயம் காட்டாத கம்பெனிகளின் பானத்தையும் பாலையும் ரொட்டியையும் வாங்காதீர்கள் என்றார். கறுப்பினத்தவர் நடத்தும் டிரை-ஸ்டேட் பாங்கியில் உங்கள் பணத்தைப் போடுங்கள் என்றும் சொன்னார். அடுத்த நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-ந் தேதி நகரசபை சங்கத்தை அங்கீகரித்துக் கூலியையும் உயர்த்தியது.

பாருங்கள்: 1892-ல் அதே ஊரில் கடை தனியாக நின்றது, அதைக் காக்கச் சட்டமும் இல்லை, ஓட்டும் இல்லை. 1968-ல் சங்கமும் பாங்கியும் மாதாகோவிலும் ஒன்றாக நின்றன. கொடுமையான விலை கொடுத்தாலும் வென்றன.

ஒரு கறுப்பர் கோடீஸ்வரரானால் குப்பை வண்டிக்காரரின் கூலி தானாக உயராது. கறுப்பு முதலாளியின் கடையில் வேலை செய்பவருக்கும் சம்பள நாளில் சரியான சம்பளம் வேண்டும். ஆனால் ஒரு பேட்டையில் அந்த மக்களுக்கே சொந்தமான நிலமும் கடையும் பாங்கியும் இருக்கும்போது, ஓட்டுக் கேட்டவனைப் பட்டினி போட முடியாது. வேலைநிறுத்தம் செய்தவனை வீதியில் நிறுத்த முடியாது. அதற்காகத்தான் அவர்கள் இன்னும் கடை கேட்கிறார்கள், கடன் கேட்கிறார்கள், பறித்த நிலத்துக்கு ஈடு கேட்கிறார்கள்.

ஆகையால், "அவர்கள் ஏன் சேமிக்கவில்லை?" என்று இனி யாராவது கேட்டால், 61,144 பேரின் பாங்கிப் புத்தகத்தைச் சொல்லுங்கள். தபால்காரர் மாஸின் மளிகைக் கடையைச் சொல்லுங்கள். 3,229-ல் இரண்டு என்ற கணக்கைச் சொல்லுங்கள். பிறகு, அந்தச் சேமிப்பை எடுத்துக்கொண்டவர்கள் எப்போது திருப்பித் தருவார்கள் என்று நீங்கள் கேளுங்கள்.